கைமணம் வீட்டு ஜீரணப் பொடி

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவளை எல்லோரும் கைமணம் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது மின்சார ரசீதில் அவ்வப்போது தலைகாட்டிவிட்டுப் போகும். மற்றபடி சின்னவர்களுக்கு அவள் கைமணம் அக்கா, மூத்தவர்களுக்கு வெறும் கைமணம், தண்ணீர் கேன் போடுகிறவருக்குக் 'கைமணம் வீடு, மூணாவது மாடி'.

இந்தப் பட்டத்தை வழங்கியவர் அவளுடைய கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். பட்டம் வழங்கிய சூழ்நிலையைக் கேட்டால் அதன் மதிப்பு உங்களுக்கே தெரிந்துவிடும்.

கல்யாணமான புதிதில் ஒரு மதியம். மனிதர் கடையிலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொழம்புல உப்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்றுதான் சொல்ல முடியும். கையிலிருந்த கரண்டியை அவள் மேடைமேல் வைத்த சத்தத்தில் மீதி வாக்கியம் அவர் தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. அவள் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அடுப்பு எரியவில்லை. மருந்துக்கடைக்காரர் காய்ச்சல்காரர்களுக்காக வைத்திருந்த பிஸ்கட்டையும், பச்சைக் குழந்தைகளுக்கான சத்துமாவையும் தின்றே நாளைத் தள்ளினார். கடைசியில் ஒரு காலை, தாடியும் குழிவிழுந்த கண்ணுமாக வந்து கதவுக்கு வெளியே நின்று, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "உன் கைமணம் யாருக்கும்மா வரும்!" என்றார். கதவு திறந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் அனுமதி. 'நல்லா இருக்கு.' அவ்வளவுதான். மகள் பேச ஆரம்பித்தபோது 'அப்பா' என்று சொல்லும் முன்பே 'நல்லாக்கு' என்றுதான் சொன்னாள். அதைக் கேட்டு அம்மா பூரித்துப்போனாள். அப்பா மட்டும் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கைமணம் சோம்பேறி இல்லை. காய்கறிக் கடையில் அவள் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை பார்க்க வந்தவள் மாதிரி இருக்கும். பீன்ஸை நறுக்கினால் ஒன்றுக்கு ஒன்று கடுகளவு வித்தியாசம் இருக்காது. மசாலாவைத் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, அரைத்துத்தான் போடுவாள். பருப்பு குழையும், ஆனால் கரையாது. உருளைக்கிழங்கு வறுவல் பொன்னிறத்தில் வரும். பார்க்கிறவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எச்சில் ஊறிய நாக்கு அதற்கப்புறம் என்ன பாடு படும் என்பது வேறு விஷயம்.

அவள் பிறந்த வீட்டில் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருத்தருக்காகத் தனியாகச் சமைக்க அலுத்துப்போய் வீடே அப்படிச் சாப்பிட்டது. வளர்ந்த நாக்கு அந்த நாக்கு. அவளுக்கு அவள் சமையல் உண்மையாகவே பிரமாதமாக இருந்தது. அதில் பொய்யே கிடையாது. சமைக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. "ருசி பாக்கறவளுக்குத் தன் கை மேலயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பாள்.

பிறகு ஓவன் என்று ஒரு மின்சார அடுப்பு வந்தது. தள்ளுபடியில் வாங்கியது. அன்றிலிருந்து கேக், பிஸ்கட், ரொட்டி என்று வீடு அமர்க்களப்பட்டது. சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று பாதியாகக் குறைப்பாள். உள்ளே வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நேரத்தை ஒன்றரை மடங்காக்குவாள். ஒருமுறை தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் தவறித் தரையில் விழுந்தது. மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுத் தையல்காரம்மா, "நேத்து என்னக்கா விழுந்துச்சு, அம்மிக்கல்லா?" என்று அக்கறையாக விசாரித்தாள். தான் சுட்ட கேக்கைக் கைமணம் மட்டும் சாப்பிடமாட்டாள். அடுப்பிலிருந்து வரும் வாசனையிலேயே தனக்கு வயிறு நிறைந்துவிடும் என்று சொல்லி, சுட்டதையெல்லாம் கட்டடம் முழுக்க வினியோகம் செய்துவிடுவாள். பெருந்தன்மை என்றால் அப்படி ஒரு பெருந்தன்மை. வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும், "அப்புறம் நிதானமா சாப்பிடறோம்" என்றே சொன்னார்கள்.

இனி ஜீரணப் பொடி விஷயத்துக்கு வருவோம். கதவு திறந்து, பட்டம் கொடுத்து, சமாதானமான கொஞ்ச நாளிலேயே மருந்துக்கடைக்காரருக்கு வயிறு கெட்டுப்போனது. கடையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்தார். மேலே அவர் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ஜீரணப் பொடி, உணவுடன் மட்டும்.

"தண்ணியில கலந்து குடிக்கலாமே" என்றாள் அவள்.

"கூடாது. சோத்துல தூவித்தான் சாப்பிடணும். அப்பதான் பிடிக்கும்."

அவளுக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. இவ்வளவு நல்ல சாப்பாட்டைப் போட்டும் செரிக்காத வயிறாக வாய்த்திருக்கிறதே என்று மனதுக்குள் நொந்துகொண்டாள். அதோடு முடிந்ததா? மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளுக்கும் அதே கோளாறு வந்தது. பின்னாலேயே மகனுக்கும். மேசை நடுவில் பாட்டில் நிற்கும். அப்பா தூவிவிட்டு மகளிடம் தள்ளுவார், மகள் தூவிவிட்டுத் தம்பியிடம் தள்ளுவாள். பிறகு மூன்று பேரும் ஒரே குரலில் 'நல்லா இருக்கு' என்பார்கள். வெளியூர் போனாலும் பாட்டில் சட்டைப் பையில் கூடவே போகும்.

"எல்லாம் அப்பா வழி வயிறு" என்று அவள் தையல்காரம்மாவிடம் போய்ப் புலம்புவாள். "அவங்க பரம்பரைக்கே ஜீரண சக்தி இல்ல. கொழுந்தனார் வந்தா அவரும் அந்தப் பொடியைத்தான் தேடறாரு. என் வயித்தைப் பாருங்க, கல்லைத் தின்னாலும் கரைஞ்சிடும்."

தையல்காரம்மா வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருப்பாள். வாயில் குண்டூசி இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. கைமணம் படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முதலில் எடுப்பது குண்டூசி டப்பாவைத்தான். கேக்குத் தட்டோடு வந்தால் மட்டும் குண்டூசியை எடுத்துவிட்டு, "எனக்குச் சுகர்க்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொள்வாள்.

இப்படியாக எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கைமணத்துக்கு அந்தக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல்தான். வந்தது, படுக்கப்போட்டது, போனது. போகும்போது அவள் நாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் காபி வெந்நீராக இருந்தது. காபித்தூள் விற்றவனைத் திட்டினாள். பிறகு ரசம் வெந்நீராக இருந்தது. அதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பச்சை மிளகாயைக் கடித்தாள். புல்லைக் கடித்தது போல் இருந்தது. உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். மணலை வைத்தது போல இருந்தது. அடுப்பங்கரைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து வழிந்த நீர் உதட்டில் பட்டது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

யாரிடம் சொல்வது? கண் போய்விட்டது என்று சொன்ன டிரைவரிடம் யாராவது வண்டியைக் கொடுப்பார்களா? கணவரின் கடைக்குப் பக்கத்திலுள்ள டாக்டரிடம் போனால் சீட்டு அவர் கைக்கே வந்து சேரும். பஸ் ஏறி நகரத்தின் அடுத்த கோடிக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் நாக்கை நீட்டினாள்.

"வரும்மா. சில பேருக்குச் சீக்கிரம் வரும், சில பேருக்கு நாளாகும். வரும்போது திடீர்னுகூட வரும்" என்றார் அவர். "அதுவரைக்கும் வீட்டுல யாரையாவது ருசி பாத்துச் சொல்லச் சொல்லுங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானே! அவர் வீட்டில் அவ்வளவுதானோ என்னவோ.

சமையல் நிற்கவில்லை. கைக்கு எல்லாம் மனப்பாடம். கை பாட்டுக்கு அள்ளியது, கை பாட்டுக்குப் போட்டது. அவளும் எதிரே உட்கார்ந்து, பஞ்சை மென்று விழுங்குவது போல் விழுங்கிவிட்டு, நன்றாகச் சாப்பிட்டவள் மாதிரி எழுந்தாள். மேசையில் பொடி சுற்றி வந்தது. 'நல்லா இருக்கு' என்று மூன்று குரல்களும் வந்தன. இப்படியே போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து கதவைத் தட்டினார்.

கட்டடத்துக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். அதைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரு மதியச் சாப்பாடு. செயலாளர் புதிதாகக் குடிவந்தவர், அப்பாவி. பெயரை நம்பிவிட்டார்.

"அக்கா, சோறு, பொரியல் எல்லாம் ஆளுக்கொண்ணு பிரிச்சாச்சு. கொழம்பு ஊத்தற கைதான் விருந்தோட கை. கைமணம்னே பேர் வச்சிருக்காங்க உங்களுக்கு. மொத்தக் கட்டடத்துக்கும் கொழம்பு உங்க பொறுப்பு. அப்படியே கேக்கும்."

செய்தி படியிறங்கிப் போக, ஒவ்வொரு தளத்திலும் முகங்கள் தொங்கின. ஆனால் யார் போய்ச் சொல்வது? இத்தனை காலமும் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டியவர்கள்தானே எல்லோரும். அவரவர் வீட்டில் ஞாயிறு காலை கொஞ்சம் பலமாகவே சாப்பிட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தார்கள்.

கைமணம் உப்பு ஜாடி முன்னால் போய் நின்றாள். வீட்டில் நான்கு பேருக்கு என்றால் கைக்கு மனப்பாடம். கட்டடம் முழுக்க என்றால், அந்த அளவில் அந்தக் கை பழகவே இல்லையே! அண்டாவில் எவ்வளவு உப்பு? ஒருவர், ஒரே ஒருவர், ஒரு சொட்டு நாக்கில் விட்டு, பத்தாது, போதும், அதிகம் என்று மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். இத்தனை வருஷம் வாங்கிவைத்த பெயர் தப்பிக்கும். இல்லாவிட்டால் மொட்டைமாடியில் எல்லார் முன்னாலும் மானம் போகும்.

தன் வீட்டு நாக்குகளைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். முதல் நாள் குழம்பில் உப்பே போடவில்லை. ஒரு கல்கூட இல்லை. பரிமாறிவிட்டு, மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் முதல் வாயை விழுங்கினார். புருவம் லேசாக உயர்ந்தது. பொடியை எடுத்தார். தூவினார். மறுபடி தூவினார். மகளிடம் தள்ளினார். மகன் கைக்கு வந்தபோது பாட்டிலைக் கவிழ்த்து அடியில் தட்ட வேண்டியிருந்தது.

"வயிறு ரொம்ப மோசமா இருக்கா?" என்றாள் அவள்.

"ஆமா, இன்னைக்குக் கொஞ்சம் மந்தம்" என்றார் அவர். பிறகு மூவரும், "நல்லா இருக்கு."

மறுநாள் உப்பை இரண்டு பங்காக அள்ளிப் போட்டாள். அன்றைக்கு யாருமே பாட்டிலைத் தொடவில்லை. இதைவிட அதிசயம், மூவரும் மறுசோறு போட்டுக்கொண்டார்கள்.

"பொடி வேணாமா?"

"இன்னைக்கு ஏனோ வயிறு லேசா இருக்கு" என்றார் அவர். முகத்தில் ஒரு பிரகாசம். அவளுக்கோ அது எதுவும் மண்டையில் ஏறவில்லை. உப்பே இல்லாததும் நல்லா இருக்கு, உப்பை வாரிக் கொட்டியதும் நல்லா இருக்கு என்பது மட்டும்தான் ஏறியது. மூன்றாம் நாள் பிடிவாதமாகக் குழம்பில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கலந்தாள். மகன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மகள் தண்ணீர் குடித்தாள். பெரியவர் நீண்ட யோசனைக்குப் பிறகு, "நல்லா இருக்கு" என்றார்.

அன்று அவர் கை கழுவ எழுந்தபோது அவள் குறுக்கே போய் நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. கொழம்பு எப்படி இருந்துச்சு?"

மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா இருந்துச்சு."

"ஒப்புக்குச் சொல்லாதீங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். நெசமா எப்படி இருந்துச்சு?"

கோவிச்சுக்க மாட்டேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் இன்னும் பயந்துபோனார். பூட்டிய கதவும் சத்துமாவும் கண்முன் வந்திருக்க வேண்டும். "நெசமாவே நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது நாக்கு போன கவலையைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்திருந்தது. சர்க்கரை போட்ட குழம்புக்கும் அதே வார்த்தை என்றால், இத்தனை வருஷமாகச் சொன்ன அதே வார்த்தைக்கு என்ன அர்த்தம்? தான் எப்போதாவது நன்றாகச் சமைத்திருக்கிறோமா? ஒருநாளாவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த வீட்டில் ஆளே இல்லாமல் செய்தது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அழுகை வந்தது. அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் இருவரும் மொட்டைமாடிக்கு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் பந்தல் துணி கட்டப் போயிருந்தார். கேக் வெந்து, உச்சியில் விரிசல் விட்டு, ஆறிக்கொண்டிருந்தது. இரவல் வாங்கிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கணக்கை அத்தனை மடங்காகப் பெருக்கி, கடவுள் விட்ட வழி என்று உப்பைப் போட்டுவிட்டாள். போட்டதிலிருந்து அடிவயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு வாழ்க்கையில் முதல்முறையாக மக்கர் செய்தது.

மேசைமேல் பாட்டில் இருந்தது. முந்தின நாள்தான் நிரப்பி வந்திருந்தார், கழுத்துவரை. பரம்பரைக்கே கேட்கிற மருந்து தனக்குக் கேட்காதா என்று ஒரு கரண்டி எடுத்து, 'உணவுடன் மட்டும்' என்பதை இன்றைக்கு ஒருநாள் மன்னித்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலில் வழக்கம்போல் மணல். பிறகு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. அவள் அசையாமல் நின்றாள். சுருக்கென்றது பரவியது. கரித்தது. உப்புக் கரித்தது! வாயெல்லாம் எச்சில் ஊறி, கண்ணில் நீர் முட்டி, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று வெறும் அடுப்பங்கரையில் குதித்தாள். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனதே யாருக்கும் தெரியாதபோது வந்ததை எப்படிச் சொல்வது? சந்தோஷத்தில் இன்னொரு விரல் தொட்டு நக்கினாள். கொஞ்சம் மிளகும் தெரிந்தது. ஆஹா! இன்னொரு விரல்.

மூன்றாவது விரல் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

ஆயுள் முழுக்க வறுத்து அரைத்தவள் அவள். சுக்கு இல்லை. ஓமம் இல்லை. சீரகம் இல்லை. பொடியுப்பு இருந்தது, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மிளகுத்தூள் இருந்தது. வேறு எதுவுமே இல்லை. பாட்டிலைத் திருப்பி அந்தக் கையெழுத்தை மறுபடி படித்தாள்.

மெல்ல மெல்ல எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உப்பில்லாத நாளில் கவிழ்ந்த பாட்டில். இரண்டு பங்கு போட்ட நாளில் லேசான வயிறு. சாப்பாட்டுப் பையில் குட்டி பாட்டிலோடு பள்ளிக்கூடம் போன மகன், "மிஸ், இது மருந்து" என்று சொல்லப் பழகிக்கொண்ட மகன். கொழுந்தனார். கொழுந்தனார்கூட! பாட்டிலைச் சுவரில் அடிக்கத் தூக்கினாள். கட்டடம் முழுக்கப் போய்த் தன் மூன்று பேரின் வயிற்றுக்காகத் தான் புலம்பியதும், தையல்காரம்மாவின் குண்டூசிகளும் நினைவுக்கு வந்தன. முகமெல்லாம் பற்றி எரிந்தது. எத்தனை பொறுமையாக, எத்தனை வருஷம், ஒரு வேளை தவறாமல் ஏமாற்றியிருக்கிறார்கள்! பிறகு, ஓங்கிய கையோடு நின்றபடியே, இன்னொன்றும் தோன்றியது. ஒரு வேளைகூடத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்ததில்லை. அன்பா, பயமா? பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் தூவிச் சாப்பிட்டிருக்கிறார்கள். கையை இறக்கினாள்.

தன் கொள்கையை மீறி, வாழ்க்கையில் முதல்முறையாக, அண்டாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். அவள் நாக்குக்கு உப்பு மிகச் சரியாக இருந்தது.

"வம்பே இதுதான்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு பாட்டிலின் மூடியைக் கழற்றி, முழுவதையும் அண்டாவில் கவிழ்த்து, அடிவரை தட்டிக் கிளறிவிட்டாள்.

மொட்டைமாடியில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். வெறும் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே கரண்டி பிடித்து நின்றாள். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும், "கொஞ்சமா ஊத்துங்கக்கா, காலையில லேட்டாதான் சாப்பிட்டேன்" என்று சோற்றின் ஓரத்தில் ஒரு பொட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தது தையல்காரம்மா.

"அக்கா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

"உங்களுக்குத்தான் சுகராச்சே?"

"கொழம்புக்கும் சுகருக்கும் என்னக்கா சம்பந்தம்? ஊத்துங்க" என்றாள். வாயில் குண்டூசி இல்லாத தையல்காரம்மாவைக் கைமணம் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

வரிசையின் கடைசியில் சொந்தக் குடும்பம். மூவரும் ஓரமாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்கள். மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையைத் தொட்டார். கால்சட்டைப் பையைத் தொட்டார். மகளைப் பார்த்தார். மகள் தம்பியைப் பார்த்தாள். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி மூன்று பேரும் விழித்தார்கள். அவள் கரண்டியோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல... பொடியைக் காணோம்."

"முதல்ல சாப்பிடுங்க. பொடியெல்லாம் உள்ளயே இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. தட்டைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்து வெறும் பாட்டிலை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எத்தனை வருஷமாங்க?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட மெதுவாக வந்தது.

அவர் எச்சில் விழுங்கினார். "அன்னைக்கு ஒருநாள், கல்யாணமான புதுசுல, உப்பு கொஞ்சம்னு ஆரம்பிச்சேனே..."

"ஆமா."

"அதோட மீதிதான் அந்தப் பாட்டில்ல இருந்துச்சு."

கோபம் வர வேண்டிய இடத்தில் வேறென்னவோ வந்தது. "இப்ப சொல்லி முடிங்க" என்றாள்.

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். சாத்திக்கொள்ள மொட்டைமாடியில் கதவு எதுவும் இல்லை. "உப்பு சரியா இருக்கும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகத் தன் பங்குக்கும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்: "எனக்கும் ஒண்ணு சொல்லணும். காய்ச்சல் வந்ததுலருந்து எனக்கு நாக்குல ருசியே இல்ல. இன்னைக்குக் காலையிலதான் திரும்பி வந்துச்சு. இத்தனை நாளா என்ன போடறேன்னே தெரியாமத்தான் சமைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்படியா? எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையேம்மா" என்றான் மகன் வெள்ளந்தியாக. மேசைக்கு அடியில் அக்கா அவன் காலை மிதித்தது மேலே இருந்த தட்டு ஆடியதில் தெரிந்தது.

அவள் கோவித்துக்கொள்ளவில்லை. கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, கத்தியை இரண்டு கையாலும் அழுத்தி வெட்டி, மூவருக்கும் ஆளுக்கொரு துண்டு கையில் கொடுத்தாள். பிறகு, இந்த வீட்டில் இனி ஒளிவுமறைவே வேண்டாம் என்ற வீராப்போடு, தான் சுட்ட கேக்கில் ஒரு துண்டை முதல்முறையாகத் தானே கடித்தாள். கடிக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முகம் கோணியது.

"ஐயையோ!" என்றாள் மொட்டைமாடிக்கே கேட்கும்படி. "இது நல்லாவே இல்லையே!"

"நல்லா இருக்கு!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

அவர்கள் கேக்கை இன்னும் வாயில் வைக்கவே இல்லை.